பதினாறாம் தேதி யார் பேசுவது

“பதினாறாம் தேதி கலந்துரையாடல்ல நான்தான் பேசணும், சார்.”

துறைத்தலைவர் அறையின் மூலையில் விடைத்தாள் அடுக்கிக்கொண்டிருந்த ஆராய்ச்சி மாணவி தலையில் அடித்துக்கொள்ளாத குறை. கேட்டவள் முதுகலைக் கடைசி வருடம். துறையில் அவளுக்குப் ‘பட்டாசு’ என்று பெயர். சேர்ந்த அன்றே அந்த அக்கா அவளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: “இங்க என்ன வேணா கேளு, மேடை மட்டும் கேட்டுடாதே. அவங்களாக் குடுத்தா வாங்கிக்கணும்.”

தத்துவத் துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “உனக்குத்தான் வரவேற்புரை குடுத்திருக்கேனேம்மா.”

அடுத்த பருவத்துக்கான அறிவிப்பு மேசைமேல் மை வாசனை போகாமல் கிடந்தது. இரண்டு புதிய பாடங்கள், நான்கு கலந்துரையாடல்கள். பதினாறாம் தேதி நடக்கும் மூன்றாவதன் தலைப்பு, ஒரு சொல் பிசகாமல் இவள் கட்டுரையின் தலைப்பு: ‘தெரிந்ததைச் சொல்லாதது பொய்யா?’ பேசுபவர் என்ற இடத்தில் யாரோ வெளியூர்ப் பேராசிரியர்.

“கட்டுரை என்னோடது சார்.”

“யோசனைக்கெல்லாம் யாரும் பட்டா வாங்க முடியாதும்மா.”

“அப்போ அவர் பேரை மட்டும் எதுக்குப் போட்டீங்க?”

அக்கா இருமினாள். சளி இருமல் இல்லை, எச்சரிக்கை.

தன் பெயர் விடுபட்டதைக்கூடப் பல்லைக் கடித்துப் பொறுத்திருப்பாள். கீழே இருந்த நாலு வரிச் சுருக்கத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. இவள் அப்பா மருத்துவமனை வார்டில் படுக்கை மாற்றுகிறவர். பிழைக்கமாட்டார் என்று டாக்டர்கள் பேசிக்கொள்வது அவர் காதில் விழும். “நான் எப்ப வீட்டுக்குப் போவேன்?” என்று நோயாளி அவரைத்தான் கேட்பார். போர்வையை இழுத்துவிட்டு அப்பா நகர்ந்துவிடுவார். அன்றைக்கு வீட்டில் தட்டில் போட்டது அப்படியே இருக்கும். கட்டுரை அவரைப் பற்றியது. சுருக்கத்தில் அவரை மருத்துவர் ஆக்கியிருந்தார்கள்.

“உன் கட்டுரையைப் படிச்ச பேராசிரியர், வார்டு ஆள்னா எடுபடாதுன்னு நினைச்சார். சின்னத் திருத்தம்தானே?”

“சின்னதா? டாக்டருக்குச் சொல்ற அதிகாரம் இருக்கு சார். எங்கப்பா வாயைத் திறந்தா வேலை போயிடும். தெரியும், ஆனா சொல்ல உரிமையில்ல. கேள்வியே அதுதான். சதையை வழிச்சுட்டுத் தோலைத் தூக்கிட்டு வந்திருக்கார் அவர்.”

“குரலைத் தணி. ஆராய்ச்சிக்குச் சேர என் பரிந்துரைக் கடிதம் வேணும், ஞாபகம் இருக்கா?”

இருந்தது. அவள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்ததே அவள் ஒருத்திதான். அந்தக் கடிதத்துக்காகத்தான் நாற்காலி தூக்கினாள், நன்றியுரை படித்தாள், நாக்கை மடித்து வைத்திருந்தாள்.

“கடிதம் வேணாம் சார். வரவேற்புரைக்கும் வேற ஆளைப் பாத்துக்குங்க.”

“ஏய் பட்டாசு, உக்காருடி!”

“ரெண்டு வருஷமா உக்காந்துதானேக்கா இருந்தேன்.”

மாணவர் மன்றத்தில் நிகழ்ச்சிப் பதிவு அன்று நாலு மணிவரை. அதே பதினாறாம் தேதி, அதே நேரம், கீழ்த்தள வகுப்பறை, பேசுபவர் இடத்தில் தன் பெயர்: இந்த அறைக்கு வருமுன்பே படிவத்தை நிரப்பிப் பையில் வைத்திருந்தாள். இவர் சரி என்றால் கிழித்துப் போடலாம் என்று ஒரு நப்பாசை. அதுவும் போயிற்று.

மேசைமேலிருந்த தன் கட்டுரையை உருவி எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.