அழுகினால்தான் நிவாரணம்

என் புருஷன் துளசிராமன் நல்ல மனுஷன். ஊரே சொல்லும். நல்ல மனுஷனோடு குடும்பம் நடத்திப் பார்த்தால்தான் தெரியும்.

கொரோனா ஊரடங்கு வந்தபோது, கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் நிலத்தில் தர்பூசணி பழுத்துக் கிடந்தது. கோயம்பேட்டு லாரி வரவில்லை. வியாபாரி போனையே எடுக்கவில்லை. கம்பெனிகளை மூடிவிட்டதால் வடநாட்டுத் தொழிலாளிகள் சோறில்லாமல் ஹைவே ஓரமாக ஊருக்கு நடந்துகொண்டிருந்தார்கள். இவர் அவர்களைக் கைதட்டிக் கூப்பிட்டு, "எட்துக்கினு போங்கப்பா" என்று அள்ளிக் கொடுத்தார். முக்கால் நிலம் காலி. பக்கத்து நிலத்து சுப்பராயன் ஒரு பழத்தையும் தொடவில்லை, அப்படியே விட்டுவிட்டார். அது அழுகி ஊர்வரைக்கும் நாறியது.

அப்புறம்தான், ஊரடங்கில் விளைச்சல் வீணானவர்களுக்கு அரசு நிவாரணம் என்று அறிவிப்பு வந்தது. அது கிடைத்தால்தான் சம்பாவுக்கு உழ முடியும். இல்லையென்றால் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு, இவர் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போக வேண்டியதுதான். யாரிடமும் கைகட்டி நின்று பழக்கமில்லாத மனுஷன்.

பார்வையிட வந்த ஆபீசர், சுப்பராயன் நிலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு போட்டோ எடுத்தார். எங்கள் நிலத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"பறிச்சிட்டீங்களே. அப்புறம் இன்னாமா நஷ்டம்?"

"விக்கல சார். சும்மா குட்த்தோம்."

"யாருக்கு? பில்லு இருக்குதா?"

பசித்தவன் பில் கொடுப்பானா? ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. காரியம் ஆக வேண்டுமே என்று அடக்கிக்கொண்டு கெஞ்சினேன். ஆபீசரும் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"மிச்சம் இருக்குறதத் தொடாதீங்க. நல்லா அழுகட்டும். அடுத்த வாரம் வந்து போட்டோ எடுத்துக்கறேன். அத்த வெச்சி மொத்தத்துக்கும் எழுதிடலாம்."

புருஷனை நம்பினால் இதையும் அள்ளிக் கொடுத்துவிடுவார் என்று நானே கம்போடு வரப்பில் காவலுக்கு உட்கார்ந்தேன். அது பிந்திப் போட்ட கொடி, பழமெல்லாம் இன்னும் கல் மாதிரி நன்றாகத்தான் இருந்தது. ஒரு மத்தியானம் ஹைவேயிலிருந்து ஒரு கூட்டம் இறங்கி வந்தது. முன்னால் வந்தவன் கம்பெனி யூனிஃபார்மிலேயே இருந்தான். பழத்தைக் காட்டி, வாயைக் காட்டினான்.

"போ, போ!" என்று கம்பை ஓங்கினேன்.

கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்கள். சண்டை போட்டிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். தின்கிற பொருளைத் தின்னவிடாமல் காவல் காக்க வைத்துவிட்டார்களே, பாவிகள்! கம்பை வீசி எறிந்துவிட்டு, "ஏய், வாங்கப்பா! எல்லாரும் வாங்க!" என்று கத்தினேன்.

சத்தம் கேட்டு இவர் ஓடி வந்தார். "கங்கம்மா, ஆபீசர் வருவாரே..."

"நீ சும்மா இருய்யா. கத்திய எடு."

ஆபீசர் வந்தபோது நிலத்தில் வெறும் கொடிதான் இருந்தது. "அவ்ளோ சொல்லியும் இப்டி பண்ணிட்டியேமா" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். இழப்பு இல்லை என்று எழுதிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

சுப்பராயன் நிலத்தில் இப்போது நாற்று பச்சைப்பசேலென்று நிற்கிறது. எங்கள் நிலத்தில் கோரை. கம்பெனி திறந்துவிட்டது. காலையில் சாப்பாட்டுக் கூடையோடு இவர் கம்பெனி வேனில் ஏறுகிறார். பழத்தை அழுகவிட்டிருந்தால் இந்த மனுஷன் இன்றைக்குத் தன் நிலத்தில் நின்றிருப்பார். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.