ஒன்பதாவது கேள்வி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதைக்கு மூலம் ஒரு பள்ளிக்கூட விண்ணப்பம். வெளிநாட்டில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு கிளம்புகிற என் தங்கை, அங்குள்ள தொடக்கப்பள்ளிகளுக்கான பொதுப் படிவத்தை எனக்கு அனுப்பியிருந்தாள். எட்டுக் கேள்விகளை அவளே நிரப்பிவிட்டாள். பிறந்த தேதி, தடுப்பூசி, அலர்ஜி, இத்யாதி. ஒன்பதாவது மட்டும் காலி: "உங்கள் குழந்தையைப் பற்றி உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதவும்."

"அண்ணா, நீதான் எழுதுறவனாச்சே. நல்லா நாலு வரி எழுதிக் கொடேன்."

சொந்த வார்த்தைகளை இரவல் கேட்கிறாளே என்று தோன்றியது. சரி என்றேன். மூன்று புத்தகம் போட்டிருக்கிறேன். எழுதிக் கொடு என்று ஒருவர் வந்து கேட்டது அதுதான் முதல் தடவை.

2

முதல் தொடக்கம்: "அவள் பேசமாட்டாள் என்று தெரிந்த அன்று மழை விடாமல் —"

(அடித்துவிட்டேன். அன்று சுள்ளென்று வெயில். கதை எழுதுகிறவர்களுக்குத் துக்கம் வந்தால் மழையும் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது.)

இரண்டாம் தொடக்கம்: "கண் பரிசோதகர் ஒருத்திக்கு இரண்டு மகள்கள்." இது தேறும். இதையே வைத்துக்கொள்வோம்.

கண் பரிசோதகர் ஒருத்திக்கு இரண்டு மகள்கள். பெரியவளுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு ஆறு. வீட்டில் சின்னவளுக்கு வாய் ஓயாது. வாசற்படியைத் தாண்டினால் ஒரு சொல் வராது. டாக்டரிடமும் காட்டியாயிற்று. காதும் நாக்கும் நன்றாகத்தான் இருக்கின்றன, உள்ளே பயம், அவசரப்படுத்தாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். அதனால் பள்ளியில் ஒரு ஏற்பாடு. சின்னவளுக்கு ஏதாவது வேண்டுமென்றால் ஐந்தாம் வகுப்பிலிருந்து அக்காவை அழைத்துவருவார்கள். இவள் அக்கா காதில் சொல்வாள், அக்கா டீச்சரிடம் சொல்வாள். தண்ணீர் பாட்டில் தொலைந்தது, வயிறு வலிக்கிறது, ஏழும் எட்டும் பதினைந்து, எல்லாம் அந்த வழியாகத்தான்.

அம்மாவின் பரிசோதனை அறையில் மட்டும் அவளுக்குச் சிக்கலே இல்லை. எழுத்துத் தெரியாதவர்களுக்கென்று அங்கே ஓர் அட்டை உண்டு. ஆங்கில 'E' மாதிரி மூன்று கால் வைத்த ஒரே வடிவம் மேலும் கீழும் பக்கவாட்டிலுமாகத் திரும்பி நிற்கும். கால் எந்தப் பக்கம் என்று கையைக் காட்டினால் போதும். சின்னவள் கடைசிப் பொடி வரிவரைக்கும் தப்பில்லாமல் காட்டுவாள்.

[அடிக்குறிப்பாகப் போட நினைத்து, பிறகு இங்கேயே விட்டது: நான் போனால் வீட்டிலும் அவள் பேச்சு நின்றுவிடும். தாய்மாமன்தான், இருந்தும் அவள் குரலைக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றும்போதுதான் கேட்டிருக்கிறேன். அவளைப் பற்றி எழுத உட்கார்ந்திருப்பவனின் யோக்கியதை இவ்வளவுதான்.]

3

மாப்பிள்ளை லிஃப்ட்களைச் சோதித்துச் சான்று கொடுப்பவர். கம்பிவடம், பிரேக், கதவு என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் போடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பள்ளிக்கூடங்களுக்கும் ஓர் அட்டவணை போட்டிருந்தார். இருபதை வடிகட்டி இரண்டில் நிறுத்தியிருந்தார்.

முதல் பள்ளிக்கு எண்பத்து மூன்று. நடந்தே போகலாம், பெரிய மைதானம், அந்த ஊர் மொழி தெரியாமல் வருகிற பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு. இடம் சின்னவளுக்கு மட்டும்தான், பெரியவள் வேறு பள்ளிக்குப் போகவேண்டும். இரண்டாவது பள்ளிக்கு ஐம்பத்தெட்டு. பஸ்ஸில் நாற்பது நிமிடம், மைதானம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. ஆனால் அக்காவும் தங்கையும் ஒரே இடத்தில் படிக்கலாம்.

"ஐம்பத்தெட்டே போதுங்க. பெரியவ கூட இருப்பா," என்றாள் தங்கை.

"கொஞ்சம் யோசிச்சுப் பாரு," என்றார் மாப்பிள்ளை. "முதல் ஸ்கூல்ல இவ பேசலன்னா என்ன நினைப்பாங்க? பாஷை தெரியல, அதான் பேசலன்னு நினைப்பாங்க. ஒரு வருஷத்துக்கு ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. அதுக்குள்ள சரியாயிடுவா. நாமளா போய் எதுக்குச் சொல்லணும்? சொன்னா இடம் இல்லன்னுட்டா?"

தங்கையின் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். எத்தனை டீச்சர்களுக்கு விளக்கியிருப்பாள், எத்தனை பேர் "கொஞ்சம் கண்டிச்சு வளர்த்திருக்கலாம்" என்றிருப்பார்கள். நாடு விட்டு நாடு போவதில் இப்படி ஒரு சௌகரியம் இருப்பது அவளுக்கு அதுவரை தோன்றவில்லை.

(மாப்பிள்ளையைக் கொஞ்சம் வில்லனாக்கினால் கதை சூடுபிடிக்கும் என்று பார்த்தேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை. சின்னவள் வீட்டில் பேசுவதை ஃபோனில் பதிவுசெய்து, மத்தியானம் லிஃப்ட் குழிக்குள் உட்கார்ந்து கேட்கிறவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?)

4

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்தேன். அன்று மாலை ஐந்து மணிக்குள் அனுப்பவேண்டும். இப்படி எழுதினேன்:

"எங்கள் மகள் மிகக் கவனமாகக் கேட்பவள். யோசித்தே பேசுவாள். புதியவர்களிடம் பழகச் சற்று நேரம் எடுத்துக்கொள்வாள்."

"பிரமாதம் மச்சான்! இதுல ஒரு பொய்கூட இல்ல," என்றார் மாப்பிள்ளை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

பெரியவள் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"இது யாரு மாமா?"

"உன் தங்கச்சிதான்."

"இவளா?" என்று ஒரு மாதிரி சிரித்துவிட்டு அம்மாவிடம் திரும்பினாள். "அந்த ரெண்டாவது ஸ்கூல்னா நானும் அங்கதானே?"

"ஆமாடா கண்ணு. அவளுக்குத் துணையா."

"அங்கயும் நான்தான் அவளுக்காகப் பேசணுமா?"

மாப்பிள்ளை அட்டவணையைக் கையில் எடுத்தார். பெரியவள் விடவில்லை.

"எனக்கும் அந்த பாஷை தெரியாதும்மா. எனக்கு யாரு பேசுவா?"

தங்கையின் கண்களில் அப்போது —

(வேண்டாம். கண்களை அவளே பார்த்துக்கொள்வாள், அவள் தொழில் அது.) நாள் முழுக்க இருட்டறையில் உட்கார்ந்து, இது தெளிவா, அது தெளிவா என்று கண்ணாடி மாற்றி மாற்றிக் கேட்பவள். வீட்டிலும் இரண்டு வாரமாக அந்தப் பள்ளியா, இந்தப் பள்ளியா என்று மாற்றி மாற்றிப் பார்த்தவள். பெரியவளிடம் மட்டும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. தங்கைக்கு வெட்கமாக இருந்தது. மகளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"முதல் ஸ்கூல்தாங்க," என்றாள். "ஆனா உள்ளதை உள்ளபடி எழுதிடுவோம்."

"வேணாம்னு சொல்லிட்டா?"

"உங்க அட்டவணையில இன்னும் பதினெட்டு இருக்குல்ல? தேடுவோம்."

மாப்பிள்ளை அட்டவணையையே வெறித்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, எழுதுங்க மச்சான்," என்றார்.

5

உள்ளதை எழுத உட்கார்ந்தால் ஒரு வரி வரவில்லை. டாக்டர் சொன்னதும் டீச்சர் சொன்னதும் தெரியும். அவள் என்ன சொல்வாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? இதுவரை எழுதியதை மேலே போய்ப் பார்த்தேன். எல்லாருக்கும் வசனம் கொடுத்திருக்கிறேன். யாரைப் பற்றிய கதையோ அவளுக்கு ஒன்றுகூட இல்லை.

"அவளையே கேக்கலாமே," என்றாள் பெரியவள்.

சின்னவள் மேசைக்கு அடியிலிருந்து வந்தாள். அவ்வளவு நேரமும் அங்கேதான் இருந்திருக்கிறாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அக்கா காதில் கையைக் குவித்து ஏதோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள். அக்கா தலையாட்டிக் கேட்டு, பழக்கதோஷத்தில் எங்கள் பக்கம் திரும்பி, வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள்.

"நான் சொல்லமாட்டேன். எப்படி வேணா சொல்லு, ஆனா நீயே சொல்லு."

6

முடிவு அ: சின்னவள் பேசிவிடுகிறாள், எல்லாரும் அழுகிறோம். (நான் அழுதுவிடுவேன். அதற்காகவே இதை நம்பமுடியவில்லை.)

முடிவு ஆ: பேசவில்லை. பெரியவள் மனமிரங்கிச் சொல்லிவிடுகிறாள். ஐம்பத்தெட்டாம் பள்ளி, நாற்பது நிமிட பஸ்.

முடிவு இ: அம்மாவின் அட்டைக்குக் காட்டுகிற மாதிரிக் கையை நீட்டி —

மூன்றையும் விட்டுவிட்டேன். அறையில் வெளியாள் நான் ஒருவன்தான். மடிக்கணினியை அப்படியே அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினேன். வெளியே வந்தபிறகுதான், வாசலில் கழற்றிய செருப்பை யாரோ உள்ளே எடுத்து வைத்திருப்பது தெரிந்தது. அதற்காகத் திரும்பிப் போகமுடியாது. வெறுங்காலோடு மாடிப்படியில் நிற்கிறேன்.

நீங்களும் இப்படிப் பக்கத்தில் வந்து நில்லுங்கள். உங்களிடம் ஒரு நல்ல முடிவு இருக்கும், எனக்குத் தெரியும். தயவுசெய்து அதைச் சொல்லிவிடாதீர்கள். அவளுக்காகச் சொல்ல எப்போதும் யாராவது ஒருவர் இருந்திருக்கிறோம்.

இப்போது மணி நாலு பத்து. ஐந்துவரை நேரம் இருக்கிறது.