ஏழாம் நாள் கியூப்

மாநாட்டு மையம் எழும்பினால் நகரத்தின் தலையெழுத்தே மாறும் என்று வேலியில் ஆளுயரத்துக்கு எழுதி வைத்திருந்தார்கள். மாறட்டும், யார் வேண்டாம் என்றது? வேலிக்குள் கியூப்காரருக்கு ஒரே வேலை. கூரைக்குக் கொட்டும் கான்கிரீட்டில் கொஞ்சம் அள்ளி, சதுர அச்சில் அடைத்து, அந்த கியூப் கட்டியானதும் தண்ணீர்த் தொட்டியில் போட வேண்டும். ஏழாம் நாள் இயந்திரத்தில் நசுக்கி, எவ்வளவு தாங்கியது என்று ஒரு எண் எழுத வேண்டும்.

அச்சில் அடைக்கும்போது இரண்டு கை சிமெண்டு கூடப் போடுவார். பதினோரு வருடப் பழக்கம். எண் குறைந்தால் விளக்கம் எழுதியே விரல் தேயும். கூடினால் யாரும் ஏனென்று கேட்பதில்லை. எப்படியும் மூன்று வாரம் கழித்துத்தானே கூரையின் முட்டுக் கம்பங்களைப் பிரிப்பார்கள், இந்த எண்ணை எவன் பார்க்கப் போகிறான் என்று இருந்துவிட்டார்.

இந்த முறை இன்ஜினியர் பார்த்தார். திறப்பு விழாத் தேதி அவர் கழுத்தைப் பிடித்திருந்தது.

"ஏழாம் நாளே முப்பத்தொண்ணு வந்திருக்கே, கூரை நல்லா இறுகிடுச்சு. இன்னிக்கே பிரிச்சிடச் சொல்லு."

முட்டுப் பிரிக்கும் எட்டுப் பேரில் ஒருவன் கியூப்காரரின் மச்சான், மனைவியின் ஒரே தம்பி. அவர் இன்ஜினியரின் குறுக்கே வந்து நின்றார்.

"சார், இன்னும் ரெண்டு வாரம் விட்டுப் பிரிக்கலாமே."

"ஏன்? எண்ணு தப்பா?"

இதோ, கேட்டே விட்டார். உண்மையைச் சொன்னால் வேலை போகும், பதினோரு வருடமும் சந்தி சிரிக்கும்.

"இல்ல சார். சும்மா சொன்னேன்."

நேரே கூரைக்கு அடியில் போனார்.

"மச்சான், அக்கா மயங்கி விழுந்துட்டாளாம். உடனே வீட்டுக்குப் போ."

"நீங்க வரலியா மாமா?"

"பின்னாலயே வரேன், நீ ஓடு."

மச்சான் சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடினான். "உன் பங்கையும் நாங்களே பிரிச்சிடுறோம்டா, கவலைப்படாம போ" என்று மேஸ்திரி குரல் கொடுத்தார். கியூப்காரர் நகரவில்லை.

"என்ன அண்ணே, ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணுமில்ல. பாத்துச் செய்யுங்க."

அவ்வளவுதான் சொன்னார், பாவி. பதினோரு மணிக்குக் கூரை இறங்கியது. ஏழு பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

மறுநாள் விசாரணைக்கு வந்தவர்கள் கோப்பைப் புரட்டினார்கள். கான்கிரீட்டில் குறை ஒன்றுமில்லை, ஆட்கள்தான் முட்டுகளைத் தாறுமாறாகப் பிரித்துவிட்டார்கள் என்று எழுதி முடித்தார்கள். தன் பெயர் அதில் வரவில்லை என்றதும் அவருக்கு மூச்சு வந்தது. வந்ததே என்று வெட்கமாகவும் இருந்தது.

அன்று மாலைதான் வீடு திரும்பினார். மச்சான் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். முந்தைய நாள் மாட்டிய சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"நான் வந்தப்போ அக்கா துணி காயப்போட்டுட்டு இருந்தா மாமா."

அவர் செருப்பைக் கழற்றுவதுபோல் குனிந்துகொண்டார். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும். அப்ப அந்த ஏழு பேருக்கும் வீட்டுல யாராவது மயங்கி விழுந்துட்டாங்கன்னு சொல்லியிருக்கக் கூடாதா?"