படியில் தூவிய தூசு

“ஒரு தடவை அந்தப் படியில ஏறிக் காட்டுறியாம்மா?” என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு டைரக்டர் மூத்தவளைக் கேட்டார். அவளுக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடிவிட்டாள். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

பழங்காலத்துக் கதை என்றால் சினிமாக்காரர்களும் சீரியல்காரர்களும் தேடி வருவது அந்த மாளிகையைத்தான். அங்கே பெருக்கித் துடைப்பது மூத்தவளும், அவள் கொழுந்தன் பெண்டாட்டியான இளையவளும். இளையவள் வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. இன்று அவளைக் கேட்டார்கள். கையிலிருந்த துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டு, “சரி சார்” என்றாள்.

எடுக்க வேண்டிய காட்சி இதுதான்: பல வருஷம் பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் ஒருத்தி வருகிறாள். தூசு படிந்த மாடிப்படியில் அவள் பாதம் ஒவ்வொன்றாகப் பதிய வேண்டும். கதாநாயகிக்குக் காலில் சுளுக்கு. பாதம் மட்டும்தானே, இவளே போதும் என்றார்கள். ஆர்ட் டைரக்டர் காலையெல்லாம் சல்லடையால் மண் சலித்துப் படிகளில் தூவினார்.

இளையவள் அவர்கள் உடுத்தக் கொடுத்த பட்டு உடுப்பைக் கணுக்கால்வரை தூக்கிக் காட்டினாள். “அக்கா, என் கால் நல்லாருக்கா?”

“காலுக்கென்ன, ரெண்டும் இருக்கு.”

“பொறாமையாக்கா?”

“ஆமாடி, உன் பித்தவெடிப்பைப் பாத்து வயிறு எரியுது.”

இருவரும் சிரித்தார்கள். மூத்தவளுக்கு நிஜமாகவே எரிந்தது.

எல்லோரும் சாப்பிடப் போனதும் வாளியும் ஈரத்துணியுமாக மேல்படிக்குப் போனாள். ஒரு படியைத் துடைத்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். கை கேட்கவில்லை. கடைசிப் படிவரை மரம் பளபளத்தது.

ஆர்ட் டைரக்டர் தலையில் கைவைத்தார். “ஐயோ, இடுப்பு ஒடியத் தூவினேனே!”

“பழக்கதோஷம் சார். அழுக்கைக் கண்டா கை சும்மா இருக்காது.”

டைரக்டர் ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தார். “இது காஞ்சு மறுபடி தூவுறதுக்குள்ள வெயில் போயிடும். இன்னிக்குத்தான் கடைசி நாள். கால் ஷாட் வேண்டாம், விடு.” மூத்தவளை அவர் திட்டக்கூட இல்லை.

ஷூட்டிங் நாளில் ஒரு சிலந்திவலையைக்கூடத் தொடக் கூடாது என்று இளையவளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்தது மூத்தவள்தான். இளையவள் இப்போது படியைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், கடைசியில் மூத்தவள் முகத்தைப் பார்த்தாள்.

“மசமசன்னு நிக்காத. உடுப்பை மாத்திட்டு வா, வேலை கிடக்கு,” என்றாள் மூத்தவள்.

இளையவள் உடுப்பை மாற்றினாள். மடித்து நாற்காலியில் வைத்தாள். தினமும் சேர்ந்தே வீட்டுக்குப் போகிறவர்கள். இன்று அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, மூத்தவளுக்காக நிற்காமல் வாசலைத் தாண்டிப் போனாள்.