தையல் பிரிக்கும் பாட்டு

நூலகத்தில் பதினெட்டு வருடமாகப் புத்தகங்களை வகை பிரித்து அடுக்குகிறவள் நான். எங்கே எது தாறுமாறாகக் கிடந்தாலும் என் கை சும்மா இருக்காது. அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவளுடைய கேசட் அலமாரி என் கண்ணை உறுத்தும். தையல் மெஷினுக்குப் பக்கத்திலேயே முந்நூறு கேசட். சோகப் பாட்டுக்கு அடுத்து வீணை, அதற்கடுத்து தாலாட்டு. ஒரு ஒழுங்குமுறை வேண்டாமா?

இந்தத் தடவை போய்த் தங்கியிருந்தபோது, அக்கா கண் டாக்டரிடம் போன அரை நாளில் காரியத்தை முடித்தேன். பாடியவர் வாரியாக, வருட வாரியாக அடுக்கி, அழகாகச் சீட்டும் ஒட்டினேன். பெயரே எழுதாத ஒரு பழைய கேசட் மட்டும் எதிலும் சேரவில்லை. குப்பைக் கூடையில் போட்டேன்.

அக்கா வந்து பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் முக்கியமான நாள். துணிக்கடைக்கார அம்மா மாதிரிக்கு ஒரு சட்டை தைக்கக் கொடுத்திருந்தார். மெல்லிய ஷிஃபான் துணி. நாலு மணிக்கு வந்து பார்ப்பார். பிடித்துப்போனால் அந்தக் கடைத் தையல் முழுக்க அக்காவுக்குத்தான். பத்து வருடமாகக் கிழிசலும் ஜிப்புமே தைத்துச் சலித்தவள் அவள்.

காலர் மட்டும்தான் பாக்கி. துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், பழக்க தோஷத்தில் அலமாரியின் மேல்தட்டுக்குக் கையை நீட்டி, ஒரு கேசட்டை உருவி டேப் ரெக்கார்டரில் போட்டாள். குத்துப் பாட்டு அலறியது. அவள் கால் பெடலை விரட்டியது. காலர் கோணிக்கொண்டது.

"என்னக்கா ஆச்சு?"

"மேல்தட்டுல மெதுவான பாட்டுதான்டி வச்சிருந்தேன், காலருக்கு. நடுத்தட்டு சட்டைக்குக் கை வச்சுத் தைக்க. கீழ்த்தட்டு நேர்த்தையலுக்கு, கால் பறக்கணும்."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முந்நூறு கேசட்டையும் இவள் காலால் கேட்டு வகை பிரித்திருக்கிறாள்! இப்படி ஒரு அடுக்கை எந்த நூலகத்திலும் நான் பார்த்ததில்லை. அதைத்தான் குரங்கு கையில் கிடைத்த பூமாலையாக்கியிருந்தேன்.

மணி இரண்டரை. காலரைப் பிரித்தே ஆக வேண்டும், கொஞ்சம் இழுத்தாலும் துணி போச்சு. அக்காவின் கை நடுங்கியது. கோபம் வந்தால் அவளுக்கு வாய் பேசாது, கைதான் நடுங்கும்.

"பேர் எழுதாத கேசட் ஒண்ணு இருக்குமே, அதை எடு."

குப்பைக் கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். நூல் சிக்கலுக்குள் கிடந்தது. முந்தானையால் துடைத்து, அவள் முகத்தைப் பார்க்காமல் போட்டேன்.

கொஞ்சம் கரகரப்பு. பிறகு சுருதிக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாமல் ஒரு சின்னப் பெண் பாடினாள். நடுவில் தும்மினாள். "அக்கா, நல்லா பாடினேனா? மறுபடி பாடட்டா?" என்று கேட்டாள். என் குரல்.

"தையல் பிரிக்கிறப்ப இதைத்தான் போடுவேன். இதைக் கேட்டா கோவம் நிக்காது" என்றாள் அக்கா.

அவள் கை நடுக்கம் நின்றிருந்தது. ஊசி முனையால் ஒவ்வொரு தையலாக எடுத்தாள். துணியில் ஒரு இழைகூட நகரவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அழுதுகொண்டே மெதுவான பாட்டு ஒன்றைத் தேடிக் கொடுத்தேன்.

நாலு மணிக்கு வந்த அம்மா காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "திங்கட்கிழமை துணி அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலையே சீட்டுகளையெல்லாம் உரித்தேன். ஒவ்வொரு கேசட்டாக நான் போட, அக்காவின் கால் அதற்குரிய தட்டைச் சொன்னது. பாதியை முடிப்பதற்குள்ளேயே எனக்கு இடுப்பு ஒடிந்தது. பெயர் எழுதாததைக் கையில் எடுத்தேன்.

"இதை எந்தத் தட்டுலக்கா வைக்கிறது?"

"மெஷின் மேலயே இருக்கட்டும். நீ ஊருக்குப் போற வரைக்கும் அடிக்கடி வேணும்."