காத்திருக்கும் படகுக்காரன்

நான் உருவாக்கிய முதல் வீடியோ கேமில் படகுக்காரன் யாருக்காகவும் நிற்க மாட்டான். மணி அடித்ததும் கிளம்பிவிடுவான். தவறவிட்டவர் முதலிலிருந்து ஆட வேண்டியதுதான். அதைக் கண்டிப்பு என்று நான் பீற்றிக்கொண்டேன். பாதிப் பேர் அங்கேயே கேமைக் கைகழுவினார்கள்.

மூன்று வருடம் கழித்து அதையே மெருகேற்றி மறுவெளியீடு செய்தோம். எங்கள் அலுவலகத்தில் கேமை ஆடிப் பிழை பார்க்கும் வேலையில் இருந்த என் மனைவி, "அவன் கொஞ்சம் நின்னா என்ன குடியா முழுகிடும்?" என்று கேட்டாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவளே உட்கார்ந்து மாற்றினாள். படகுக்காரன் நின்றான், நிற்கிற நேரத்தில் பயணிகளோடு வம்பளந்தான். அந்த வம்பிலிருந்துதான் அடுத்த ஐந்து பாகங்களின் கதையும் கிளைத்தது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு, நிற்காத படகுக்காரன் ஒருவன் இருந்ததே தெரியாது.

கேமின் முடிவில் ஓடும் பெயர்ப்பட்டியல் என் பொறுப்பு. மறுவெளியீட்டு அவசரத்தில் பழைய பட்டியலையே எடுத்து ஒட்டிவிட்டேன். படகுக்காரனுக்கு எதிரே என் பெயர். அவள் பெயர் எங்குமே இல்லை. பின்னால் வந்த பாகங்களும் அதையே நகலெடுத்தன. "அந்தப் படகுக்காரன் உங்க மூளைதானே சார்?" என்று கேட்பார்கள். அசடு வழியச் சிரிப்பேன். இல்லை என்று சொல்ல வாய் வராது. வெட்கக்கேடு, வேறென்ன. அவள் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் எந்தப் பாகத்தை ஆடி முடித்தாலும் பட்டியல் ஓடுவதற்கு முன் அணைத்துவிடுவாள்.

ஏழாம் பாகத்தின் பட்டியலை வெற்றுப் பக்கத்தில் தொடங்கினேன். அலுவலகத்தில் எல்லோரையும் கூட்டி உண்மையைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

ஞாயிறு மாலை, கூடத்தில் உட்கார்ந்து அவள் அந்தப் பாகத்தை ஆடி முடித்தாள். வழக்கம்போல அணைக்கக் கை போனது.

"கொஞ்சம் இரு."

"அடுப்புல பால் இருக்குங்க."

"பொங்கினா பொங்கட்டும்."

முதல் வரியே படகுக்காரன்தான். எதிரே அவள் பெயர் மட்டும்.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். அதற்குள் அந்த வரி மேலே போய்விட்டது.

"பதினாலு வருஷம்," என்றாள். "அந்தப் படகுக்காரன்கூட இவ்வளவு நேரம் நின்னதில்ல."

பால் பொங்கி வழியும் சத்தம் கேட்டு எழுந்து போனேன். துடைத்துவிட்டுத் திரும்பியபோது, அவள் பட்டியலைப் பின்னால் ஓட்டி முதல் வரியில் நிறுத்தி வைத்திருந்தாள்.