பிஸ்கட் டின்னுக்குள் போன கைபேசி

அந்தப் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தவளே மலர்விழிதான். பிரிக்பீல்ட்ஸில் ஜெரால்டின் டீச்சர் வீட்டு மாடியில் ஆங்கில வகுப்பு. போன வாரம், கூடப் படிக்கும் வாடகைக்கார் டிரைவர் கிஷனின் கைபேசி ஓயாமல் அலறியதில் எரிச்சலாகி, "எல்லாரும் போனை இதுல போடுங்கலா. முடியிறவரைக்கும் யாரும் தொடக்கூடாது," என்று சட்டம் போட்டதும் அவள்தான். நல்ல சட்டம், போ!

இன்று வர அவளுக்கு மனசே இல்லை. கிள்ளான் ஆஸ்பத்திரியில் அவள் கணவன் ஜீவன் கிடக்கிறான். ஈரல் போய்விட்டது, எந்த நேரமும் எதுவும் நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நர்ஸ் வேலை பார்ப்பவளுக்கு அதற்கு அர்த்தம் தெரியாதா? ஆனால் சனிக்கிழமை பரீட்சை. தேறினால் அயர்லாந்தில் வேலை.

"நீ போய்ட்டு வா. நான் எங்கயும் ஓடிற மாட்டேன்லா," என்று ஜீவன்தான் விரட்டினான்.

டீச்சர் பலகையில் எழுதினார். "'வென் த டாக்டர் கேம்'னு நிறுத்துனா, கேக்குறவங்க அப்புறம் என்னன்னு காத்திருப்பாங்க. தனியா நிக்காது. அதுதான் டிபென்டன்ட். 'ஷி வென்ட் ஹோம்', இது தனியா நிக்கும். இண்டிபென்டன்ட். கோடு போடுங்க."

எல்லாரும் கோடு போட்டார்கள். எல்லார் கைபேசியும் கிடந்த டின் உறுமியது. நின்றது. மறுபடி உறுமியது.

"அக்கா, உங்களோடதா இருக்கப்போவுது. பாருங்களேன்," என்றான் கிஷன்.

மலர்விழி பேனாவை வைத்தாள். எழப்போனாள். போன வாரம் அவனை எல்லார் முன்னும் வறுத்தெடுத்தவள் இன்று எப்படி எழுவது? பாழாய்ப்போன வெட்கம்!

"யாரோடதா இருந்தா என்ன? முடிச்சிட்டுப் பாக்கலாம்," என்று குனிந்து அடுத்த வாக்கியத்துக்குக் கோடு போட்டாள். டின் நெடுநேரம் உறுமிவிட்டு அடங்கிப்போனது.

வகுப்பு முடிந்து டின்னைத் திறந்தாள். எல்லா அழைப்பும் ஜீவன் எண்ணிலிருந்து வந்தவை. திருப்பிக் கூப்பிட்டாள், யாரும் எடுக்கவில்லை. கிஷன் கார்ச் சாவியை எடுத்தான்.

வார்டில் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. மாமியார் இராஜம்மா ஜீவனின் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தாள். மருமகளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நான் பேசுறேன் குடுடான்னேன், குடுக்கலம்மா," என்றாள். "ரிங் போவுதும்மா, இப்ப எடுத்துருவா, இப்ப எடுத்துருவான்னு சொல்லிக்கிட்டே காதுல வச்சிருந்தான். அப்படியே வச்சிருந்தான்."